நேரியல் திசையில் போன சக்கைப் பிரதமன்

கொன்னவிளை,
கன்னியாகுமரி மாவட்டம்.
திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஞாயிறு மலர் ஆசிரியர் ஐயா அவர்களின் சமுகத்துக்கு,

காலஞ்சென்ற சுயம்புராஜ் மனைவி முத்துக்கனி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மகள் சபிதாவும் பேத்திமார் இரண்டு பேரும் சுகம். என் இடது முட்டு மட்டும் சுகமில்லை, அதற்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் அதை விட்டுவிடுகிறேன். அங்கே நீங்களும், வீட்டம்மாவும், பிள்ளைகளும், அச்சாபீசில் வேலை பார்க்கிற எல்லாரும் சுகமாயிருக்க மண்டைக்காட்டு அம்மை துணையிருக்கட்டும். என் வீட்டுக்காரர் இறந்தபோது கண்ணீர் அஞ்சலியில் சுயம்புராஜ் என்பதைச் சுயம்புராணி என்று அச்சடித்த ஆளும் சுகமாகவே இருக்கட்டும். முறுக்கு மீசை வைத்த படம், கீழே ராணி என்று பெயர். துக்கம் கேட்க வந்தவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். திருத்தம் போடச் சொல்லிக் கார்டு எழுதினேன், நீங்கள் போடவில்லை. அதை நான் மறக்கவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று வந்த உங்கள் ஞாயிறு மலரில், அறிவியல் கேள்வி பதில் பக்கத்தில், நீங்கள் போட்ட ஒரே ஒரு வார்த்தையால் என் கூடப்பிறந்த தம்பி குமாரதாஸ் என் மூத்த பேத்தி இந்துஜாவின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். கல்யாணம் ஆவணியில். தன்னுடைய தாய்மாமன் வந்து பந்தலில் நிற்காமல் மகள் கழுத்தில் தாலி ஏற விடமாட்டேன் என்று சபிதா ஒரே பிடியாக நிற்கிறாள். பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அவள் அப்பா வழியாக இருக்கும். ஆகவே அடுத்த ஞாயிறு நீங்கள் திருத்தம் போட்டே ஆகவேண்டும். முதலிலிருந்து சொல்லுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் யார்மேல் தப்பு என்று உங்களுக்கு விளங்கும்.

முதல் என்பது சபிதாவின் கல்யாணம். எங்கள் முற்றத்தில் ஒரு அயனி மரம் நிற்கிறது. என் மாமனார் வைத்தது, வெட்டக்கூடாது. அதனால் பந்தலை அதைச் சுற்றித்தான் போட முடிந்தது, பந்தியும் நேராக வந்து மரத்தண்டையில் வளைந்து அப்புறம் நேராகப் போனது. அந்த வளைவில் போய் உட்கார்ந்தவன் குமாரதாஸ். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அங்கே காற்று வருகிறது என்று அவனாகத்தான் உட்கார்ந்தான். சக்கைப் பிரதமன் என்கிற பாயச வாளியோடு வந்தவன் இருக்கிறானே, அவன் நேரே பார்த்து நேரே விளம்பிக்கொண்டே வந்து, மரத்துக்கு இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் பந்தியைப் பிடித்துக்கொண்டான். வளைவில் இருந்த இலையில் மட்டும் பிரதமன் விழவில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டியதுதானே? கேட்கமாட்டான். தாய்மாமனைத் தேடிவந்து விளம்ப வேண்டுமாம். இலையை எதிர்ப்பக்கமாக மடக்கிப் போட்டுவிட்டு எழுந்தான் ஐயா. எதிர்ப்பக்கமாக இலையை மடக்குவது எந்த வீட்டில் என்று உங்களுக்கே தெரியும். மங்கலம் நடந்த வீட்டில் அப்படி மடக்கினான். அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்தான். அன்றோடு பேச்சு நின்றது. அன்றைக்கு அவன் கட்டியிருந்த வேட்டியின் கரை பச்சை. அவன் பெண்டாட்டி தங்கலீலா என் கம்மலைப் பார்த்து, "பழசாக்கும்?" என்று கேட்டாள். எல்லாம் எனக்கு ஓர்மை இருக்கிறது.

பிறகு சபிதாவுக்குப் பிள்ளை பிறந்து அந்தப் பிள்ளைக்கே கல்யாணம் வந்துவிட்டது. குமாரதாஸ் வீடு குளத்துக்கு அந்தப் பக்கம், அவன் தென்னந்தோப்பு எங்கள் வீட்டைத் தாண்டி. தினமும் காலையில் ஸ்கூட்டரில் எங்கள் வாசல் வழியாகத்தான் போவான். கழுத்தில் கம்பு வைத்துக் கட்டினதுபோல நேரே பார்த்துக்கொண்டு போவான். நானும் அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றுகொண்டு நேரே பார்ப்பேன். இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் சபிதா வந்து அடுக்களையில் நின்றாள்.

"யம்மா, மாமாவ நீ போயி கூப்பிடணும்."

"நான் மூத்தவளாக்கும்."

"மூத்தவதான் போவணும்."

"அவன் இலையை மடக்கினது ஓர்மை இருக்கா உனக்கு?"

"நான் அண்ணைக்கு மணவறையில இருந்தேன்மா. எனக்கு எப்படி ஓர்மை இருக்கும்? நீ பிரதமன் வச்சுக் கொண்டு போ. அண்ணைக்குக் குடுக்காதத இண்ணைக்குக் குடு. முடிஞ்சு."

உங்கள் ஊரில் பலாப்பழம் என்பீர்கள், எங்களுக்கு அது சக்கை. சக்கைப்பழத்தை வெல்லத்தில் வரட்டி, தேங்காய்ப்பால் பிழிந்து, முதல் பாலைக் கடைசியில் விட்டு, சுக்கும் ஏலமும் பொடித்துப் போட்டு நான் வைத்த பிரதமனைத் தம்பி என்பதற்காக வைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சபிதாவின் வாயை மூடத்தான் வைத்தேன். தூக்குவாளியில் ஊற்றி, மடியில் வைத்துக்கொண்டு, மினி பஸ்ஸில் இடது பக்கத்து இருக்கையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் போயிருக்கும். அம்மன்கோவில் முக்கில் யார் ஏறினான் என்று நினைக்கிறீர்கள்? குமாரதாஸேதான். ஸ்கூட்டர் ஒர்க் ஷாப்பில் கிடந்ததாம். ஒரு பால்காய்ப்பு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறான். தோளில் புத்தம் புது நேரியல்.

இந்த நேரியல் என்ன என்பதை நீங்கள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வழக்கே அதில்தான் நிற்கிறது. எங்கள் ஊரில் ஆண்கள் கோவிலுக்கோ விசேஷ வீட்டுக்கோ போகும்போது தோளில் போடுகிற மெல்லிய கரைவைத்த துணிக்கு நேரியல் என்று பெயர். இவன் போட்டிருந்தது அவன் மகன் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது திருவனந்தபுரத்தில் எடுத்துக்கொடுத்த கசவுக்கரை நேரியல். அதை யாரும் பார்க்காமல் போய்விடக்கூடாதே என்று விரித்து, நீவி, வலது பக்கத்து இருக்கையில், எனக்கு நேர் எதிரே நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். வேறு இடம் இல்லை. இருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டான்.

நான் நேரே பார்த்தேன். அவன் நேரே பார்த்தான். வண்டியில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். டிரைவர் சிஜோ மட்டும் ரோட்டையும் பார்க்கவில்லை எங்களையும் பார்க்கவில்லை, போனைப் பார்த்தான். குளத்து வளைவு வந்தது அவனுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. இடது பக்கமாக ஒரு வெட்டு வெட்டினான். வண்டி வளைந்தது. இருக்கை வளைந்தது. நானும் பாதி வளைந்தேன். பிரதமன் வளையவில்லை. மூடி ஒரு பக்கம் தெறித்து, வாளியில் இருந்தது மொத்தமும் என் மடியை விட்டு ஒரு துளிகூடச் சிந்தாமல் கிளம்பி நடைபாதையைத் தாண்டிக் குமாரதாஸின் கசவு நேரியலில் போய் இறங்கியது.

"யக்கா!" என்று ஒரு கூப்பாடு. இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் தம்பி என்னிடம் பேசின முதல் வார்த்தை அதுதான் ஐயா. இரண்டாவது வார்த்தை, "எறிஞ்சிட்டியே!"

"ஏலே, நான் எறியல்ல. இந்தப் பய வண்டிய வளைச்சான்."

"நான் வண்டியத்தான் பாட்டி வளைச்சேன்," என்று சிஜோ திரும்பிப் பார்த்துச் சொன்னான். "பாயசத்த நான் தொடவே இல்ல."

"நீ முன்னால பாத்து ஓட்டுலே!" என்று வண்டி முழுக்கச் சத்தம் போட்டது. அதற்குள் குமாரதாஸ் இறங்கி நடந்துவிட்டான். மூக்கு நுனியில் ஒரு சக்கைச்சுளைத் துண்டு இருந்தது. அதைத் துடைக்கவில்லை, சாட்சிக்கு வைத்திருந்தான்.

மறுநாள் தங்கலீலா அந்த நேரியலை ஒரு கவரில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். அலக்கவில்லை. அலக்கினால் சாட்சி போய்விடுமாம். எறும்பு ஏறாமல் இருக்க விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். "மைனி குறி பாத்துதான் எறிஞ்சிருக்கா. இல்லேன்னா அத்தன பேர் இருக்கப்பட்ட வண்டியில இவுக மேல மட்டும் எப்படி விழும்?" என்று சபிதாவிடம் கேட்டாள். சபிதா என்னைப் பார்த்தாள். பெற்ற மகள் பார்க்கிற பார்வையா அது? என் பக்கம் நின்றது இளையவள் நந்தனா மட்டும்தான். பிளஸ் டூ படிக்கிறாள். தரையில் சாக்பீஸால் குளத்தை வரைந்து, ரோட்டை வரைந்து, வண்டியை வரைந்து, "பாட்டி எறியல்ல. வண்டி எந்தப் பக்கமா போயிட்டிருந்துதோ அந்தப் பக்கமாவே பாயசம் நேர போச்சு. வண்டிதான் திரும்பிட்டு. நேர போற வழியில தாத்தா இருந்தாங்க, அவ்வளவுதான்," என்று அழகாகச் சொன்னாள். தங்கலீலா கோட்டை மிதித்துக்கொண்டு போனாள். பெரியவர்கள் யாராவது சொன்னால்தான் கேட்பார்கள் என்று நந்தனா போனிலேயே உங்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பினாள்.

நீங்களும் போட்டீர்கள். "பேருந்து வளைவில் திரும்பும்போது மடியில் இருந்த பாயசம் ஏன் எதிர்ப்பக்கம் இருப்பவர்மேல் விழுகிறது? — நந்தனா, கொன்னவிளை." நல்ல கேள்வி. பதிலில்தான் கெடுத்துவிட்டீர்கள். "வெளிவிசை ஏதும் தடுக்காதவரை, இயங்கும் பொருள் நேரியல் திசையிலேயே செல்லும்."

நேற்று நந்தனா பேப்பரை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக அவர்கள் வீட்டுக்கு ஓடினாள். அங்கே நடந்ததை அவள் வந்து சொன்னபடியே எழுதுகிறேன். குமாரதாஸ் கண்ணாடி போடமாட்டான், வயசு தெரிந்துவிடுமாம், அதனால் தங்கலீலாதான் வாசித்தாள்.

"'...நேரியல் திசையிலேயே செல்லும்.'"

"என்னது? திருப்பி வாசி."

"நேரியல் திசையிலேயே செல்லும்."

"நேரியல் கெடக்கப்பட்ட திசைக்கு! எனக்க நேரியல் மெட்ராஸ்ல இருக்கவனுக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?"

"நம்ம நந்தனாதான எழுதிக் கேட்டிருக்கா. சொல்லியிருப்பா."

"தாத்தா, அது அந்த நேரியல் இல்ல. நேரியல்ணா நேர்கோடு."

"எனக்க தோள்ல கெடந்தது கோடாட்டி? நான் நேரியல் போடத் தொடங்கின காலத்துல உனக்க அம்மையே பொறக்கல்ல. அப்போ நேரியலக் கண்டா பாயசம் அங்கதான் போவும். அது அதுக்க சுபாவம். அதக் குத்தம் சொல்லப்பிடாது. செரி, முன்னால என்ன போட்டிருக்கு? வெளிய இருந்து தடுக்காதவரை. தடுக்க வேண்டியது ஆரு? வாளிய மடியில வச்சிருந்தவதான? தடுத்தாளா?"

பார்த்தீர்களா ஐயா, எப்படி வந்து நின்றது என்று? நேற்று வரைக்கும் நான் எறிந்தவள். உங்கள் பேப்பர் வந்த பிறகு நான் தடுக்காதவள். எறியவில்லை என்று வாதாடலாம், தடுக்கவில்லை என்றால் என்ன வாதாடுவது? சாயங்காலமே ஆள்விட்டுச் சொல்லிவிட்டான். பேப்பரே சொன்ன பிறகு அக்கா வந்து தப்பு என்று சொல்லட்டும், இல்லையென்றால் ஆவணியில் நான் தோப்பில் தேங்காய் வெட்டுவேன் என்று.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கோட்டைக் கோடு என்று எழுத உங்களுக்கு என்ன நோவு? எங்கள் தோளில் கிடக்கிற துணியின் பெயரை எடுத்துக் கோட்டுக்கு வைத்தது யார்? கோட்டுக்குப் பெயர் இல்லாமலா போய்விட்டது? நாளைக்கு வட்டத்துக்குச் சும்மாடு என்று பெயர் வைத்தால் ஊரில் சுமை தூக்குகிறவள் எல்லாம் உங்கள்மேல் சண்டைக்கு வரமாட்டாளா?

இன்னொன்று. அந்தச் சட்டமே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நந்தனாவிடம் கேட்டேன். மாங்காய்க்குக் கல் எறிந்தால் அது வளைந்துதானே விழுகிறது? பூமி இழுக்குது பாட்டி என்கிறாள். பேச்சிப்பாறை அணையிலிருந்து நம் வயலுக்கு வெள்ளம் வளைந்து வளைந்துதானே வருகிறது? கால்வாய்க் கரை தள்ளித் தள்ளி விடுது பாட்டி, கரை உடைஞ்சா நேர போயிரும் என்கிறாள். அது உண்மைதான். ஒரு மழைக்குக் கரை உடைந்து, வெள்ளம் நேரே குமாரதாஸின் வாழைக்குள் போனது. அதற்கும் என்னைத்தான் சொன்னான். சரி, நிலா? அதை யார் தள்ளுகிறார்கள்?

"அதையும் பூமிதான் இழுத்துப் பிடிச்சிருக்கு பாட்டி. விட்டா நேர போயிரும்."

"போயி எங்க விழும்?"

"விழாது. போய்க்கிட்டே இருக்கும்."

"திரும்பியே வராதா?"

"யாராவது இழுத்தாத்தான் திரும்பும். தானா எதுவும் வளையாது பாட்டி."

இது எனக்கு மனசுக்குச் சரியாகப் படவில்லை. இன்று காலையில் வாசலில் நிற்கும்போது குமாரதாஸின் ஸ்கூட்டர் வந்தது. நேரே போனது. தோப்புப் பக்கம் திரும்புகிறவரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னப் பிள்ளையில் என் இடுப்பை விட்டு இறங்கமாட்டான். மழையில் பள்ளிக்கூடத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனதில், என்னை ஈரத்துணியோடு டீச்சர் வெளியே நிறுத்தினாள். அந்த டீச்சர் பெயர் ஞானபாய், அதையும் நான் மறக்கவில்லை. யாராவது இழுத்தால்தான் வளையுமாம். நான் மூத்தவள், நான் எதற்கு இழுக்க வேண்டும்? ஒரு வாளி பிரதமன் வைத்து இழுத்துப் பார்த்தாயிற்றே. அது போன லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே இடத்தில், பெரிய எழுத்தில் பின்வருமாறு போடவும்: "நேரியல் என்று நாங்கள் எழுதியது தோளில் போடுகிற துணியை அல்ல, வெறும் கோட்டைத்தான். பாயசம் யாருடைய துணியையும் தேடிப் போகாது. கொன்னவிளை முத்துக்கனி தடுக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. டிரைவர்கள் முன்னால் பார்த்து ஓட்டவும்." கீழே உங்கள் கையெழுத்து வேண்டும். அச்சில் வந்தால்தான் அவன் நம்புவான், அக்கா வாயால் சொன்னால் நம்பமாட்டான். எங்கள் வீட்டுக் கல்யாணம் உங்கள் கையில் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளவும். சுயம்புராணி விஷயத்தில் செய்ததுபோல இதிலும் செய்தால், எனக்கு எத்தனை வயசானாலும் சரி, அதையும் ஓர்மை வைத்திருப்பேன்.

மற்றபடி உங்கள் பேப்பர் நீடூழி வாழட்டும். உங்கள் குடும்பத்தில் நல்ல காரியங்கள் நடக்கட்டும், நடக்கிற பந்தியில் எந்த இலையும் விட்டுப்போகாமல் இருக்கட்டும். வீட்டம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் பேப்பரை இன்னும் நிறுத்தாமல் வாங்குகிற
முத்துக்கனி

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை எடுக்க அடுக்களைக்குள் போயிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வழக்கமாக வரும், பெரிதாகும், போய்விடும். இன்றைக்குப் போகவில்லை. எட்டிப் பார்த்தால் ஸ்கூட்டர் எங்கள் முற்றத்துக்குள் வளைந்து அயனி மரத்தடியில் நிற்கிறது. குமாரதாஸ் இறங்கி நிற்கிறான், தோளில் அதே நேரியல், கறையோடு. டீக்கடையில் காலையிலிருந்து எல்லாரும் பேப்பரில் வந்த நேரியலைக் காட்டு காட்டு என்று கேட்டார்களாம். விட்டத்திலிருந்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறான். முகம் கல்யாண மாப்பிள்ளை முகம்போல இருக்கிறது. என்னைப் பார்த்து, இந்தத் தடவை நேரே என்னையே பார்த்து, சொல்லுகிறான்:

"யக்கா, நான் இருந்து யோசிச்சேன் கேட்டியா. அண்ணைக்குச் சபிதா கல்யாணத்துல வளைவுல இருந்த எனக்குக் கிட்டாத பிரதமனாக்கும் இது. இத்தன வருசம் சுத்தி, ஒரு வளைவுல வச்சே என்கிட்ட வந்து சேந்துட்டு. அது நேரியலத் தேடித்தான் வரும்ணு பேப்பர்க்காரனே எழுதிட்டான், பொறவு உன்னச் சொல்லி என்னத்துக்கு? ஆவணிக்கு நான் வருவேன். இந்த நேரியலத்தான் போடுவேன். அந்த வளைவுலதான் இருப்பேன். எவன் விளம்பாமப் போறான்னு பாப்போம்."

நந்தனா, "தாத்தா, அது நேர்கோடு..." என்று வாயைத் திறந்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள். வெளிவிசை என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அது இன்னதென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அதனால் ஐயா, தயவுசெய்து திருத்தம் போட வேண்டாம். நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. அது வெறும் கோடு என்று தெரிந்தால் பாதி இலையில் எழுந்து போய்விடுவான். ஆவணி முடிகிறவரைக்கும் அந்தப் பக்கத்தில் கோடு என்கிற பேச்சையே எடுக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு அந்த இடம் சும்மா கிடக்குமே என்று நினைத்தால், சுயம்புராணி அல்ல, சுயம்புராஜ் என்று போடவும். மீசை அன்றைக்கே சரியாகத்தான் வந்திருந்தது, அதை மாற்ற வேண்டாம்.